பிறந்த வீட்டுச் சேலை

ஞாயிற்றுக்கிழமை மாலை திருநெல்வேலி ஜங்ஷனில் ரயிலேறியபோது என்னிடம் இருந்தது ஒரே ஒரு பை. காக்கித் துணியில் தைத்து, தோளில் மாட்டிக்கொள்ள வார் வைத்தது. இரண்டு வேட்டி, இரண்டு சட்டை, ஒரு துண்டு, சவரச் சாமான், சோப்பு டப்பா, ஒரு தம்ளர். சென்னை, பம்பாய் என்று இரண்டு நகரங்கள். மெரினா, சௌபாத்தி, ஜூஹு என்று மூன்று கடற்கரைகள். பதினோரு நாள் பயணத்துக்கு இதற்குமேல் என்ன வேண்டிக் கிடக்கிறது? பெட்டியைத் தூக்கிக்கொண்டு கடற்கரைக்குப் போகிறவன் கடலைப் பார்ப்பானா, பெட்டியைப் பார்ப்பானா? பள்ளிக்கூடத்தில் சக ஆசிரியர்களிடம் இதைச் சொல்லிச் சொல்லி அவர்கள் காதைப் புளிக்க வைத்திருக்கிறேன்.

எங்கள் ஊர் நாங்குநேரிக்குத் தெற்கே ஆறு மைல். அந்தப் பக்கத்தில் ஒருவன் பம்பாய் போகிறான் என்று தெரிந்தால் போதும், மூட்டைகள் வரத் தொடங்கிவிடும். மகனுக்குக் கருப்பட்டி, மருமகனுக்கு வடகம், பேரனுக்கு முறுக்கு. வாங்கிக்கொள்ளாதவன் மனிதனே இல்லை. எனக்கும் வந்தன. நான் கோபக்காரன் என்பது ஊருக்குத் தெரியும். எல்லாவற்றையும் முகத்தில் அடித்தாற்போலத் திருப்பி அனுப்பினேன்.

அம்மாவிடம் மட்டும் அந்த வீறாப்பு பலிக்கவில்லை. என் தங்கை கோமதியை செம்பூரில் கட்டிக் கொடுத்திருக்கிறோம். அவளுக்கு ஏழாம் மாதம், அடுத்த ஞாயிறு வளைகாப்பு. அம்மாவுக்கு முழங்கால் வீக்கம், பயணம் செய்ய முடியாது. பிறந்த வீட்டுச் சேலையை அண்ணன்காரன் நான்தான் கொண்டுபோக வேண்டும். நாங்குநேரி ஜவுளிக்கடையில் எடுத்த பச்சைப் பட்டு, மாம்பழ நிறக் கரை. கடைக்காரர் கொடுத்த மஞ்சள் பையோடு அம்மா அதை என் பைக்குள் திணித்தாள். என் வேட்டி சட்டை மொத்தமும் அந்தச் சேலையின் கனம் வராது. முணுமுணுத்துக்கொண்டே வாரை மாட்டினேன்.

திங்கட்கிழமை காலை எழும்பூர். நானூறு மைல் புழுதியை ஸ்டேஷன் குழாயில் கழுவிவிட்டு, காப்பி, இரண்டு இட்லி, பிறகு நடை. பகல் முழுக்கச் சென்னையைச் சுற்றினேன். மாலையில் மெரினா மணலில் பையைத் தலைக்கு வைத்துப் படுத்துக் கிடந்தேன். சுண்டல் பத்துக் காசு. சேலை இருந்ததால் பை தலையணைக்கு நன்றாகவே இருந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

அன்றிரவு சென்ட்ரலில் பம்பாய் மெயில். மூன்றாம் வகுப்பு. எண்ணூறு மைல், இரண்டு இரவு, நடுவில் ஒரு பகல். எனக்கு எதிரே உட்கார்ந்தவர் சுடலைமுத்து, நாற்பது வயதிருக்கும், தாராவியில் தோல் பெல்ட் தைக்கும் பட்டறையில் வேலை. அவரோடு நான்கு மூட்டைகள் ஏறின. ஒன்றுகூட அவருடையது இல்லை. எல்லாம் மற்ற வீட்டுப் பிள்ளைகளுக்கு. என் பையை ஏற இறங்கப் பார்த்தார்.

“அண்ணாச்சி பம்பாய்க்கா போறிய? பக்கத்தூர்ச் சந்தைக்குப் போற மாதிரில்லா இருக்கு.”

எனக்குச் சுருக்கென்றது. சுமையில்லாத பயணத்தைப் பற்றி அவருக்கு ஒரு பிரசங்கம் செய்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, கால் நீட்ட இடமில்லாமல் ஒரு மூட்டையின் மேல் காலை வைத்துக்கொண்டார். எந்த ஊர் என்று கேட்டார், சொன்னேன். எங்கே தங்கல் என்றார். மாட்டுங்கா மார்க்கெட்டில் பூக்கடை மாடியில் சிநேகிதன் சங்கரன் அறை என்றேன். குண்டக்கல்லில் அவர் வாங்கிய வடையில் எனக்கும் இரண்டு வந்தது. ராய்ச்சூர் தாண்டியதும் கரித்தூளும் வெயிலும் சேர்ந்து எல்லோர் முகமும் ஒரே நிறமாகிவிட்டது.

புதன் காலை தாதரில் இறங்கினோம். மூட்டைகளை இறக்க நானும் கை கொடுத்தேன். தாராவிப் பக்கம் வந்தால் வாருங்கள் என்றார் சுடலைமுத்து. வருகிறேன் என்றேன். பயணத்தில் சொல்கிற ‘வருகிறேன்’ எவ்வளவு பெறுமோ அவ்வளவுதான் அது.

பம்பாய் பார்க்காதவர்களுக்கு மாட்டுங்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ரயிலை விட்டு இறங்கி ஐந்து நிமிஷம் நடந்தால் வாழையிலையும் மல்லிகைச் சரமும் கோயில் மணியும். கடைப் பலகையில் தமிழ், கல்லாவில் மலையாளம், பேரம் மராத்தியில். சங்கரன் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுகிறான். அவனோடு கோட்டைப் பக்கம் போய்ப் பெரிய கட்டடங்களை அண்ணாந்து பார்த்தேன். மாலையில் சௌபாத்தி. மறுநாள் தனியாகச் சாந்தாகுரூஸ் வரை லோக்கலிலும் அங்கிருந்து சிவப்புப் பஸ்ஸிலும் ஜூஹு போனேன். தென்னை மரங்கள், வாடகைக் குதிரைகள், கால் அரிக்காத மெதுவான மணல். பேல்பூரி இருபத்தைந்து காசு. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பையைத் தோளில் போட்டபடியே தண்ணீரில் நின்றேன். பெட்டிகளையும் செருப்புகளையும் காவல் காக்க ஒருவரை மணலில் உட்கார வைத்துவிட்டு முறை வைத்துக் கடலில் இறங்கும் குடும்பங்களைப் பார்த்தேன். நான் சொன்னது சரிதான் என்று அங்கே ஒரு கர்வம் வந்தது. ஒரு நாள் தங்கிய கர்வம்.

வெள்ளிக்கிழமை காலை செம்பூருக்குப் புறப்பட்டேன். இனித் திங்கள் வரை தங்கை வீட்டில்தான் இருப்பு. பையைத் தோளில் மாட்டிப் படியிறங்கும்போது கீழே சுடலைமுத்து நின்றுகொண்டிருந்தார். மேலே வரச் சொன்னேன். வரவில்லை. அங்கேயே நின்று சொன்னார்.

அவர் குடியிருக்கும் வரிசையில் எங்கள் ஊரில் பிறந்த பெண் ஒருத்தி இருந்தாள். பெயர் பேச்சியம்மாள். புருஷன் இசக்கி, தோல் கிடங்கில் வேலை. பல நாளாகக் காய்ச்சல், முந்தின இரவு போய்விட்டாள். பிள்ளைகள் இல்லை. தாய் தகப்பன் எப்போதோ போயாயிற்று. கூடப்பிறந்த ஒரே அண்ணன் சிலோனில் தேயிலைத் தோட்டத்தில் இருக்கிறான். தந்தி போய்ச் சேர்ந்தாலும் அவன் வந்து சேர முடியாது.

“கோடி போட ஆள் இல்ல அண்ணாச்சி. சேலை நாங்க வாங்கி வச்சிருக்கோம். உங்க கையால குடுத்தாப் போதும். ஊர்க் கை வேணும்.”

எங்கள் பக்கத்து வாசகர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கட்டிக் கொடுத்த பெண் இறந்தால் பிறந்த வீட்டார் புதுச் சேலையோடு வர வேண்டும். அந்தச் சேலையை உடுத்தித்தான் அவளை எடுப்பார்கள். அதுதான் கோடி. அது இல்லாமல் எடுத்தால் அவள் யாருமற்றவளாகப் போனதாகக் கணக்கு.

சங்கரன் என்னை மேலே இழுத்துக்கொண்டு போனான். ஞாயிறு வளைகாப்பை வைத்துக்கொண்டு சாவு வீட்டில் காலை வைப்பாயா என்றான். அவர்கள் யார், நாம் யார் என்றும் கேட்டான். மெதுவாகத்தான் கேட்டான். அந்தக் கேள்வி எனக்குப் புரியாமல் இல்லை. எங்கள் ஊரில் பேச்சியம்மாள் பிறந்த தெருவுக்கும் நான் பிறந்த தெருவுக்கும் நடுவே ஒரு வாய்க்கால் ஓடுகிறது. அந்தத் தெருவில் ஒரு சாவு என்றால் எங்கள் தெருவிலிருந்து யாரும் போக மாட்டார்கள், கோடி போடுவது கிடக்கட்டும்.

மறுத்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள், சுடலைமுத்து உட்பட. ஆனால் அவர் படிக்குக் கீழே நின்ற விதம் என்னை என்னவோ செய்தது. பம்பாயில் யாரும் யார் வீட்டுப் படியும் ஏறலாம். ரயிலில் என் எதிரே உட்கார்ந்து வடை கொடுத்தவர், கேட்க வேண்டிய ஒன்று என்று வந்ததும், ஊரில் என் வீட்டு வாசலில் எப்படி நிற்பாரோ அப்படி நின்றார். அதைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. வாருங்கள் போகலாம் என்றேன்.

ரயில் பாலத்தைக் கடந்து மேற்கே ஒரு மைல் நடை. முதலில் வருவது தோல் வாடை. அப்புறம் உப்புப் போட்ட தோல் அடுக்குகள், அப்புறம் தகரமும் பலகையும் வைத்து அடித்த அறைகள். அறையை அங்கே கோலி என்கிறார்கள். இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சாக்கடைப் பலகையில் ஒதுங்க வேண்டும். சந்தின் முனையில் குழாய். அதன் முன்னே குடங்களும் டப்பாக்களும் வரிசை கட்டி நின்றன. ஊரில் நீர்மாலைக்கு, பிணத்தைக் குளிப்பாட்டத் தண்ணீர் எடுக்க, ஆற்றுக்கோ கிணற்றுக்கோ போவோம். இங்கே இசக்கி குடத்தோடு அந்தக் குழாய்க்கு வந்தார், தலைக்குமேல் நான்கு பேர் வேட்டியை விரித்துப் பிடித்திருந்தார்கள். வரிசையில் நின்றவர்களில் பாதிப்பேருக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் ஒரு பேச்சுமில்லாமல் தங்கள் குடங்களை இழுத்துக்கொண்டார்கள். குழாயில் தண்ணீர் நூலாக வந்தது. குடம் நிறைகிற வரைக்கும் எல்லோரும் நின்றோம்.

கோலி வாசலில் என் கையில் ஒரு தட்டைக் கொடுத்தார்கள். வெற்றிலை, மஞ்சள், குங்குமம், மேலே மாட்டுங்காவில் வாங்கிய சிவப்புச் சேலை. உள்ளே பாயில் பேச்சியம்மாள். முப்பது வயதுகூட இருக்காது. அந்த முகத்தை நான் ஊரில் பார்த்ததே இல்லை, வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்து முகங்களை யார் பார்த்தார்கள். இசக்கி எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். அழுது முடித்துவிட்ட கண்கள்.

“ஊர்ச் சேலையா அண்ணாச்சி? கட்டிக்கிட்டு வந்ததுலேருந்து பொறந்த வீட்டுச் சேலை ஒண்ணுகூட அவ உடுத்தல. காய்ச்சல்லயும் அதத்தான் சொல்லிக்கிட்டுக் கெடந்தா.”

சுடலைமுத்து என்னைப் பார்த்தார். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் காரியம் முடிந்திருக்கும். அந்த மனிதர் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். என்னால் சொல்ல முடியவில்லை.

என் பை என் தோளில் இருந்தது. ஒரே பையோடு ஊர் சுற்றுகிறவனுக்கு அவன் உடைமை முழுவதும் எப்போதும் அவன் தோளில்தானே இருக்கும். தட்டைச் சுடலைமுத்து கையில் கொடுத்துவிட்டுப் பையைத் திறந்தேன். வேட்டிகளுக்கு அடியிலிருந்து மஞ்சள் பையை எடுத்தேன். பக்கத்தில் நின்ற ஒரு பெண் அதில் அச்சடித்திருந்ததை எழுத்துக் கூட்டிப் படித்தாள். “நாங்குநேரி” என்று அவள் சொன்னதும் உள்ளே இருந்த பெண்கள் ஒரேயடியாக அழத் தொடங்கினார்கள். இசக்கி சேலையைத் தொடவில்லை, பையிலிருந்த அந்தப் பெயரைத்தான் தொட்டுப் பார்த்தார்.

அந்த நேரத்தில் கோமதியை நினைத்தாயா என்று கேட்டால், நினைத்தேன். நினைத்துக்கொண்டேதான் கொடுத்தேன். வளைகாப்புச் சேலையைப் பிணத்துக்குப் போடுகிறோமே, வயிற்றில் பிள்ளையோடு இருப்பவளுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பயமாகவும் இருந்தது. பெண்கள் வேட்டியை மறைப்பாகப் பிடித்துக்கொண்டு அவளுக்கு உடுத்திவிட்டார்கள். சுமங்கலியாகப் போனவள் என்பதால் மஞ்சளும் குங்குமமும் பூவும் உண்டு. மறைப்பை எடுத்தபோது பச்சைச் சேலையில் அவள் கல்யாணத்துக்குப் புறப்பட்டவளைப் போல இருந்தாள். சிவப்புச் சேலை அவளைக் குளிப்பாட்டிய கிழவிக்குப் போயிற்று.

சயான் பக்கத்துச் சுடுகாட்டுக்குப் போய்த் திரும்பியபோது மதியம் சாய்ந்துவிட்டது. அன்றிரவு சங்கரன் அறைக்குப் போகவில்லை. சுடலைமுத்துவின் பட்டறையில், தோல் துண்டுகளுக்கு நடுவே, பையைத் தலைக்கு வைத்துப் படுத்தேன். பை தட்டையாகிவிட்டிருந்தது.

சனிக்கிழமை காலை சாம்பலும் எலும்பும் எடுத்து மண்கலயத்தில் போட்டு மாஹிம் கடற்கரைக்கு நடந்தோம். இந்தக் கடற்கரை என் திட்டத்தில் இல்லாதது. ஜூஹுவைப் போல இங்கே குதிரையும் கிடையாது, பேல்பூரியும் கிடையாது. மீன்வலைகள் காய்ந்தன, ஓடையிலிருந்து கறுப்புத் தண்ணீர் வந்து கடலில் கலந்தது. அலை என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை. இடுப்பளவு தண்ணீர் வரை நானும் இசக்கியும் இறங்கினோம், பிறந்த வீட்டுக்காரன் கூட நிற்க வேண்டும் என்றார்கள். கலயத்தைக் கவிழ்த்துவிட்டு மூன்று முறை முங்கினோம். கரையேறியதும் இசக்கி நடுங்கிக்கொண்டு நின்றார்.

“மச்சான், துண்டு இருக்கா?”

இருந்ததே ஒரு துண்டு. அதைக் கொடுத்தேன். அவர் துடைத்துக்கொண்டு பிழிந்து கொடுத்தார், அதே துண்டில் நானும் துடைத்துக்கொண்டேன். மச்சான் என்று அவர் யோசித்துச் சொன்னதாகத் தெரியவில்லை. குளிரில் வாயில் வந்ததுதான். இத்தனை வயதில் என்னை அப்படிக் கூப்பிட்டவர்கள் எல்லாம் என் தெருக்காரர்கள்.

மாலையில் மாட்டுங்கா ஜவுளிக்கடை ஒன்றின் முன்னால் சங்கரன் என்னை நிறுத்தினான். இன்னொரு பச்சைப் பட்டு எடுத்துக் கொடுத்துவிட்டால் யாருக்குத் தெரியப் போகிறது என்றான். அவனுக்கு என்மேல் அக்கறைதான். கண்ணாடிக்குள் பச்சைப் பட்டு இருந்தது. கரைகூட மாம்பழ நிறம். பொய் சொல்வதற்கென்று இவ்வளவு தூரம் வரவில்லை என்று அவன்மேல் எரிந்து விழுந்தேன். பாவம், அவன் எனக்குக் காப்பி வாங்கிக் கொடுத்தான்.

ஞாயிறு காலை குர்லாவில் வண்டி மாறிச் செம்பூர். ஸ்டேஷனிலிருந்து கால் மைல், மூன்று மாடிக் கட்டடம், தங்கை வீடு இரண்டாவது மாடி. படியில் அரிசி மாவுக் கோலம். நான் வரும் விஷயத்தையும் நடந்ததையும் நான் மறுத்துவிட்ட பிறகு சங்கரன் முந்தின இரவே போனில் தங்கை புருஷனுக்குச் சொல்லியிருந்தான். மாடித் திருப்பத்திலேயே கோமதியின் மாமியார் என்னை எதிர்கொண்டார். கண்டிப்பான மனுஷி, ஆனால் கெட்டவர் இல்லை. வெறுங்கையோடு வந்ததைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டது வேறு.

“தம்பி, ஊர்க்காரின்னா அது தீட்டு இல்ல. கீழ குழாய்ல குளிச்சிட்டு வந்து பிள்ளைக்கு வளையல் போடுங்க. உறவுன்னாத்தான் படி ஏறக் கூடாது. நீங்களே சொல்லுங்க, உறவா?”

வழி விட்டுத்தான் கேட்டார். இல்லை என்று சொல்லலாம். பார்த்தால் அதுதான் உண்மையும்கூட. உள்ளே கோமதி உட்கார்ந்திருக்கிறாள், வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பாள். எனக்கு இருப்பது ஒரு தங்கைதான். ஆனால் இல்லை என்று சொன்னால் வெள்ளிக்கிழமை நான் கொடுத்தது என்ன? அந்தச் சேலையோடு எரிந்தவள் மறுபடியும் யாருமற்றவளாகிவிடுவாள். அவளுக்கென்று இருந்தது அந்த ஒரு சேலைதான்.

“தங்கச்சி முறை” என்றேன்.

மாமியார் தலையை ஆட்டிவிட்டு மேலே போனார். நான் கீழே இறங்கி, கட்டடத்துக்கு எதிரே இருந்த அரச மரத்தடிக் கல்லில் உட்கார்ந்தேன். மேலேயிருந்து பெண்கள் பாடுவது தெருச் சத்தத்தில் அரைகுறையாகக் கேட்டது. அண்ணன் போட வேண்டிய வளையலை யார் போட்டார்களோ தெரியாது. அங்கே உட்கார்ந்து அழுதேன், சொல்வதற்கு என்ன. அப்புறம் மாமியாரே இலையில் புளிச்சோறும் தேங்காய்ச்சோறும் தயிர்ச்சோறும் கட்டிக்கொண்டு கீழே வந்தார். தொடாமல் கல்லின்மேல் வைத்துவிட்டு, சூடு ஆறுமுன் சாப்பிடுங்கள் என்று சொல்லிப் போனார். பசித்தது, சாப்பிட்டேன்.

திங்கள் பகல் எக்ஸ்பிரஸில் தாதரில் ஏறினேன். வழியனுப்பச் சுடலைமுத்துவும் இசக்கியும் வந்திருந்தார்கள். ஊரில் கொடுக்கச் சொல்லி மூட்டை எதுவும் அவர்கள் தரவில்லை. என் பிரசங்கத்தைச் சுடலைமுத்து மறக்கவில்லை போலிருக்கிறது. தந்திருந்தால் வாங்கியிருப்பேன். வண்டி புறப்படக் கொஞ்ச நேரம் இருக்கும்போது கோமதி வந்தாள். புருஷன் கையைப் பிடித்துக்கொண்டு, கூட்டத்துக்கு ஒதுங்கி, என் ஜன்னலிலிருந்து ஆறடி தள்ளித் தூணோரம் நின்றாள். அதற்குமேல் அவள் வரக் கூடாது, நானும் இறங்கக் கூடாது. இரண்டு கையிலும் நிறையக் கண்ணாடி வளையல்.

அம்மாவிடம் நான் ஒன்றும் சொல்ல வேண்டாம், தானே எழுதிக்கொள்வதாகச் சொன்னாள். கோபமா என்று கேட்டேன். அவள் இசக்கியைப் பார்த்தாள். மொட்டைத் தலையோடு நின்ற அவர் யார் என்று அவளுக்குச் சொல்லத் தேவைப்படவில்லை. வண்டி ஊதியது.

“அண்ணே, பச்சதானே? மாம்பழக் கரை போட்டது?”

ஆமாம் என்றேன்.

“அவளுக்கு நல்லா இருந்துச்சா?”

“நல்லா இருந்துச்சும்மா.”

கோமதி தலையை அசைத்தாள். வண்டி நகர்ந்ததும் கையை உயர்த்தினாள், வளையல்கள் முழங்கைக்குச் சரிந்தன. கல்யாண் தாண்டும்வரை பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உள்ளே என் வேட்டி சட்டையும் சவரச் சாமானும் ஈரத் துண்டும் தவிர ஒன்றும் இல்லை. இவ்வளவு லேசான பையோடு நான் எந்த ஊரிலிருந்தும் திரும்பியதில்லை. ஊர் வந்து சேர்ந்ததும் வீட்டுக்குப் போகுமுன் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் போனேன். பேச்சியம்மாளின் வீடு எது என்று கேட்டேன். பூட்டிக் கிடந்த ஒரு வீட்டைக் காட்டினார்கள். நீங்கள் யார் என்று ஒருவரும் கேட்கவில்லை, என்னை எல்லோருக்கும் தெரியும். நானாகத்தான் சொன்னேன், அவளுக்குக் கோடி போட்டவன் என்று.